அக்கடமிப் பெடியனுக்கு எவ்வளவு காலம்? காத்திருப்பின் செலவு யார் தலையில்?

ஆவணியில் சீசன் தொடங்கும்போது "எங்கட பெடியள இறக்குங்கோ" என்று கேட்கும் அதே ரசிகர், கார்த்திகையில் "உவனை வித்துத் துலையுங்கோ" என்கிறார். குருநகர்த் தேத்தண்ணிக் கடையிலும் பருத்தித்துறை பஸ்ஸிலும் கேட்கும் இந்த வாக்குவாதம் இங்கிலாந்தில் கேட்பதற்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. ஒவ்வொரு வீரர் மாற்றுக் காலத்திலும் ஏதாவதொரு பெரிய உதைபந்தாட்டக் கழகம் தான் வளர்த்த பெடியனை விற்கிறது. ஒரு வருடம் கழித்து அவன் வேறெங்கோ கோல் அடிக்கிறான். ஏன் பொறுக்கவில்லை என்ற கேள்வி மறுபடி எழும்புகிறது.

இரண்டு பேரின் கதையை அருகருகே வைத்துப் பார்ப்போம். மன்செஸ்டர் யுனைட்டட்டின் அக்கடமியில் சின்ன வயதிலிருந்தே வளர்ந்த ஸ்கொட் மக்டொமினேயை அந்தக் கழகம் 2024 ஆவணியில் இத்தாலியின் நாப்போலிக்கு விற்றது. அடுத்த சீசனில் நாப்போலி சம்பியன். மக்டொமினே லீக்கில் 12 கோல் அடித்து, சீசனின் சிறந்த வீரராகத் தெரிவானார். அப்போது அவருக்கு வயது 28. மற்றவர் பார்சிலோனாவின் அன்சு ஃபாட்டி. 2019 இல் 16 வயதில் முதல் அணிக்கு வந்து, அதே மாதம் கோலும் அடித்தார். 2020 கார்த்திகையில் இடது முழங்காலில் காயம், அடுத்தடுத்துச் சத்திர சிகிச்சைகள். 2021 இல் மெஸி விட்டுப்போன 10 ஆம் இலக்க மேலாடையை அவரிடம் கொடுத்தார்கள். 2023 இல் பிரைட்டனுக்கு இரவலாகப் போனார், 2025 இல் மொனாக்கோவுக்கு.

ஒருவருக்கு எல்லாம் பிந்திக் கிடைத்தது, மற்றவருக்கு எல்லாம் முந்திக் கிடைத்தது. இரண்டையும் "கழகத்துக்குப் பொறுமை இல்லை" என்ற ஒரே வசனத்தால் விளக்க முடியாது. காத்திருப்பதற்கு ஒரு செலவு உண்டு. அந்தச் செலவை யார் கட்டுகிறார் என்று பார்த்துக்கொண்டு போனால் பல குழப்பங்கள் தெளியும்.

## அக்கடமி என்றால் என்ன

பெரிய கழகம் ஒன்று சிறுவர்களைப் பதிவுசெய்து, ஆண்டுக்கணக்கில் பயிற்றுவித்து, அவர்களில் ஓரிருவரை முதல் அணிக்கு எடுக்கும் அமைப்புத்தான் அக்கடமி. இங்கிலாந்தில் 2012 இலிருந்து ஈ.பி.பி.பி. என்ற இளம் வீரர் வளர்ப்புத் திட்டத்தின் கீழ் இவை இயங்குகின்றன. அதில் மூன்று படிகள்:

1. அடித்தளப் படி. 9 வயதுக்குட்பட்டோர் அணியிலிருந்து 11 வயதுக்குட்பட்டோர் வரை.
2. இளையோர் வளர்ச்சிப் படி. 12 இலிருந்து 16 வரை. பெரும்பாலான கண்ணீர் இங்கேதான் சிந்தப்படுகிறது.
3. தொழில்முறைப் படி. 17 இலிருந்து 21 வரை.

16 வயதில் தெரிவானவருக்குப் பயிற்சி நிலை ஒப்பந்தம் கிடைக்கும், வழமையாக இரண்டு வருடத்துக்கு. 17 வயது நிரம்பினால் தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நாங்கள் தொலைக்காட்சியில் "புதுப் பெடியன்" என்று பார்ப்பவன் அந்தக் கழகத்தில் ஏற்கெனவே எட்டுப் பத்து வருடம் இருந்திருக்கக்கூடும். ரசிகரின் கணக்கில் காத்திருப்பு அன்றைக்குத்தான் தொடங்குகிறது. கழகமோ ஒவ்வொரு வருடமும் "இவனை வைத்திருப்பதா, விடுவதா" என்று முடிவெடுத்து முடிவெடுத்தே அவனை அந்த நாளுக்குக் கொண்டுவந்திருக்கிறது. இரண்டு பேரும் பொறுமை என்ற ஒரே சொல்லைத்தான் பாவிக்கிறார்கள், ஆனால் அளக்கும் காலம் வேறு.

## உடம்புக்கு என்று ஒரு கணக்கு

பெடியள் சராசரியாக 13, 14 வயதில்தான் மிக வேகமாக உயர்கிறார்கள். சராசரி என்றால் சிலருக்கு 12 இல், சிலருக்கு 16 இல். ஆகவே 14 வயது அணி ஒன்றில் மீசை அரும்பியவனும் இருப்பான், பால்முகம் மாறாதவனும் இருப்பான். அவர்களுக்கிடையே உடல் முதிர்ச்சியில் இரண்டு மூன்று வருட இடைவெளி இருப்பது வெகு சாதாரணம். மோதினால் யார் விழுவான் என்று சொல்லத் தேவையில்லை. அந்த மோதலைப் பார்த்து ஒரு பயிற்றுநர் எடுக்கும் முடிவு, திறமையைப் பற்றிய முடிவா, பிறந்த திகதியைப் பற்றிய முடிவா?

பிறந்த திகதி என்று சும்மா சொல்லவில்லை. இங்கிலாந்தில் வயதுப்பிரிவு செப்ரெம்பர் 1 இல் வெட்டப்படுகிறது. செப்ரெம்பரில் பிறந்தவனும் அடுத்த ஓகஸ்டில் பிறந்தவனும் ஒரே அணி. எட்டு வயதில் பதினொரு மாதம் என்பது வாழ்நாளின் எட்டில் ஒரு பங்குக்குக் கிட்ட. அக்கடமிகளில் செப்ரெம்பர், ஒக்ரோபர், நவம்பரில் பிறந்தவர்கள் அளவுக்கு மிஞ்சி இருப்பதை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். இதற்குச் சார்பு வயது விளைவு என்று பெயர்.

ஹரி கேன் பிறந்தது 1993 யூலை 28. தன் பிரிவில் ஏறத்தாழக் கடைக்குட்டி. ஆர்சனல் அவரை எட்டு வயதில் விட்டுவிட்டது. அதே கேன் பிற்பாடு டொட்டன்ஹாமுக்கு 280 கோல் அடித்து அக்கழகத்தின் சாதனையாளர் ஆனார். ஜேமி வார்டியை ஷெஃபீல்ட் வென்ஸ்டே 16 வயதில் உயரம் போதாது என்று அனுப்பியது. அவர் கீழ் லீக்குகளில் அலைந்து, 2012 இல் 25 வயதில் லெஸ்டருக்கு வந்து, 2016 இல் லீக் கிண்ணத்தைத் தூக்கினார். டெக்லன் ரைஸை செல்சி 14 வயதில் விட்டது. வெஸ்ட் ஹாம் எடுத்து வளர்த்து, 2023 இல் 100 மில்லியன் பவுணுக்கு மேல் ஆர்சனலுக்கு விற்றது.

இந்தப் பெயர்களைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் வேண்டும். இவை தப்பிப் பிழைத்தவர்களின் கதைகள். 14 வயதில் விடப்பட்ட பெரும்பாலானோர் திரும்பி வரவில்லை, அவர்களின் பெயர் எங்களுக்குத் தெரியவும் போவதில்லை. கேனை வைத்து "எல்லோரையும் 21 வரை வைத்திருக்க வேண்டும்" என்று வாதிட முடியாது. 14 வயதுத் தீர்ப்பை முடிந்த முடிவாக எடுக்கக்கூடாது என்று வாதிடலாம், அவ்வளவுதான். இதற்காகவே இங்கிலாந்து அக்கடமிகளில் சில போட்டிகளைப் பிறந்த ஆண்டுப்படி அல்லாமல் உடல் முதிர்ச்சிப்படி குழுப்பிரித்து நடத்துகிறார்கள். சின்ன உடம்புக்காரனுக்குப் பந்தைத் தொட இடம் கிடைக்கிறது. பெரிய உடம்புக்காரன் தோள்பலத்தை விட்டு மூளையைப் பாவிக்கப் பழகுகிறான். என் பார்வையில் இரண்டாமவனுக்குத்தான் இதில் பெரிய இலாபம்.

## முகாமையாளருக்கு நேரம் இல்லை

"தென்னை நட்டவன் தின்றிட்டுச் சாவான், பனை நட்டவன் பார்த்திட்டுச் சாவான்" என்று ஊரில் சொல்வார்கள். பெரிய கழகத்து முகாமையாளர் தென்னைகூட நடமாட்டார். அவருக்குக் கத்தரிதான் சரி. மன்செஸ்டர் யுனைட்டட்டில் முகாமையாளர் ஃபெர்குசன் 2013 இல் விலகிய பிறகு, 2024 முடிவதற்குள் ஆறு நிரந்தர முகாமையாளர்கள் வந்துவிட்டார்கள். மூன்று ஆட்டம் தோற்றால் வேலை ஆட்டங்காணும் ஒருவர், மூன்று வருடத்தில் பலன் தரும் பெடியனை இன்று இறக்கி இன்றைய புள்ளியை இழப்பாரா? அவர் கெட்டவர் என்பதல்ல. காத்திருந்து வரும் பலன் அடுத்த முகாமையாளருக்குப் போகிறது, காத்திருப்பின் செலவு மட்டும் இவர் கணக்கில் விழுகிறது.

அதனால்தான் பெடியளுக்கு வாய்ப்பு பெரும்பாலும் திட்டத்தால் வராமல் விபத்தால் வருகிறது. 2016 மாசி 25 அன்று யுனைட்டட், டென்மார்க்கின் மிட்ஜிலான்டுடன் ஆடவிருந்தது. ஆட்டத்துக்கு முந்திய உடற்பயிற்சியில் அந்தனி மார்சியல் காயப்பட்டார். 18 வயது மார்கஸ் ரஷ்ஃபோர்ட் இறங்கினார், இரண்டு கோல். மூன்று நாள் கழித்து ஆர்சனலுக்கு எதிராகவும் இரண்டு. மார்சியலின் தசை அன்று இழுக்காமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

இதற்கு மறுப்பாக எல்லோரும் எடுப்பது 1992 ஆம் ஆண்டு வகுப்பை, அதாவது அந்தக் காலத்தில் யுனைட்டட்டின் அக்கடமியில் ஒன்றாக வளர்ந்த பெடியளை. "பெடியளை வைத்து ஒன்றும் வெல்ல முடியாது" என்ற கருத்தில் 1995 ஆவணியில் பி.பி.சி.யில் விமர்சகர் அலன் ஹன்சன் சொன்னதும், அந்தச் சீசனிலேயே ஃபெர்குசனின் அணி லீக்கையும் எஃப்.ஏ. கிண்ணத்தையும் வென்றதும் கிட்டத்தட்டப் புராணமாகிவிட்டன. ஆனால் அந்தப் புராணத்தில் மூன்று விடயங்கள் விடுபட்டுப்போகின்றன.

1. அவர்கள் அப்போது பள்ளிப்பிள்ளைகள் அல்ல. பெக்கம், ஸ்கோல்ஸ், கரி நெவில், நிக்கி பட் எல்லோருக்கும் வயது 20. கிக்ஸ் ஏற்கெனவே நாலு வருடமாக முதல் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். 1992 இளையோர் கிண்ணத்துக்கும் 1995 க்கும் இடையே மூன்று வருடம் ஓடியிருந்தது. அந்த மூன்று வருடம்தான் பொறுமை. அதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.
2. அவர்களைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். கோல் காப்பில் ஷ்மைக்கல், பின்வரிசையில் புரூஸ், பலிஸ்டர், ஏர்வின், நடுவில் றோய் கீன், ஒக்ரோபரில் தடை முடிந்து திரும்பிய கன்டோனா. பெடியன் பிழைவிட்டால் மூடுவதற்கு ஆள் இருந்தது. வாழை குலை தள்ளும்போது முட்டுக் கொடுக்காமல் "காற்றைத் தாங்கப் பழகட்டும்" என்று எவரும் விடுவதில்லை.
3. ஃபெர்குசனுக்கு நேரம் இருந்தது. 1986 இல் வந்தவர் முதல் கிண்ணத்தை 1990 இல்தான் வென்றார். 1995 இல் அவரை யாரும் அசைக்க முடியாது. அவர் நட்டது பனையாக இருந்தாலும் தானே நுங்கு குடிப்பேன் என்ற நிச்சயம் அவருக்கு இருந்தது.

அந்த வகுப்பிலேயே எல்லோரும் தேறவில்லை என்பதும் மறக்கப்படுகிறது. பென் தோர்ன்லி 1994 இல் முழங்கால் காயத்தோடு முன்னைய வேகத்தை இழந்தார். ரொபி சவேஜ் அதே ஆண்டு விடப்பட்டு க்ரூ கழகத்துக்குப் போனார். கீத் கிலெஸ்பி 1995 தையில் அன்டி கோலை வாங்கும் பேரத்தின் ஒரு பகுதியாக நியூகாசிலுக்கு அனுப்பப்பட்டார்.

## கணக்குப் புத்தகம் பெடியனை விற்கச் சொல்கிறது

இப்போது மிகக் குழப்பமான பகுதி. ஒரு கழகம் வெளியிலிருந்து 60 மில்லியனுக்கு ஆளை வாங்கிக்கொண்டே, உள்ளே வளர்ந்தவனை 35 மில்லியனுக்கு விற்பது ஏன்? இதைப் புரிந்துகொள்ள உயர்தரத்தில் வர்த்தகம் படித்தவர்களுக்குப் பழக்கமான பெறுமானத் தேய்வு போதும்.

கழகம் ஒரு வீரரை 50 மில்லியன் பவுணுக்கு வாங்கி ஐந்து வருட ஒப்பந்தம் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கேட்டில் அந்த 50 மில்லியன் ஒரே நாளில் செலவாக எழுதப்படாது. வருடத்துக்கு 10 மில்லியனாகப் பிரித்து எழுதப்படும். மூன்று வருடம் முடியும்போது ஏட்டுப் பெறுமதி 20 மில்லியன். அப்போது அவரை 40 மில்லியனுக்கு விற்றால் கணக்கில் வரும் இலாபம் 20 மில்லியன்.

அக்கடமியில் வளர்ந்தவனுக்கு வாங்கிய விலை இல்லை. ஏட்டுப் பெறுமதி பூச்சியம். அவனை 40 மில்லியனுக்கு விற்றால் 40 மில்லியனும் அந்த வருட இலாபம். ரசிகர் அதை ஊர்ப்பிள்ளையை விற்றதாகப் பார்க்கிறார். கணக்காளருக்கு அது தோட்டத்து மாங்காயை விற்றது போல, முதல் போடாத வரவு.

இங்கிலாந்தின் முதற்பிரிவான பிரீமியர் லீக்கில் 2025-26 சீசன் வரைக்குமான பி.எஸ்.ஆர். என்ற நட்டக் கட்டுப்பாட்டு விதியின்படி, உரிமையாளர் பணம் போட்டு ஈடுசெய்தாலும், ஒரு கழகம் மூன்று வருடத்தில் காட்டக்கூடிய உச்ச நட்டம் 105 மில்லியன் பவுண். மீறினால் புள்ளி வெட்டு. 2023-24 சீசனில் எவர்டனும் நொட்டிங்ஹாம் ஃபொரெஸ்டும் புள்ளிகளை இழந்தது இதனால்தான். அக்கடமிக்குச் செலவிடும் பணத்தை இந்த நட்டக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். விதி எழுதியவர்களின் நோக்கம் நல்லது: கழகங்கள் சிறுவர்களில் தாராளமாக முதலிடட்டும். விளைவு தலைகீழ். வளர்க்கும் செலவும் கணக்கில் இல்லை, விற்கும் வரவு முழுவதும் கணக்கில் உண்டு என்றால், நெருக்கடியில் முதலில் விற்க வேண்டிய சரக்காக அக்கடமிப் பெடியன் மாறிவிடுகிறான்.

நியூகாசில் இதற்கு நல்ல உதாரணம். அந்தப் பகுதியிலேயே பிறந்து அக்கழகத்தின் அக்கடமியில் வளர்ந்த எலியட் அண்டர்சனை, 2024 ஆனி மாதக் கடைசியில், கணக்காண்டு முடியும் தறுவாயில், ஏறத்தாழ 35 மில்லியனுக்கு ஃபொரெஸ்டுக்கு விற்றார்கள். 2025 புரட்டாதியில் அவர் இங்கிலாந்து தேசிய அணிக்கு ஆடினார். நியூகாசிலுக்கு அவன் திறமை தெரியாமல் இல்லை. ஏடு மூடும் திகதி முந்திக்கொண்டது.

மன்செஸ்டர் சிட்டி 2023 இல் கோல் பால்மரை 40 மில்லியனுக்கும் சற்று மேலாகச் செல்சிக்கு விற்றதும், அவர் அடுத்த சீசனில் லீக்கில் 22 கோல் அடித்ததும் தெரிந்த கதை. சிட்டியில் அவருக்கு முன்னால் வரிசையில் நின்றவர்களைப் பார்த்தால் இது வேறு வகை. அங்கே காத்திருப்பின் செலவைக் கட்ட மறுத்தது கழகமல்ல, பெடியன். 21 வயதில் இன்னொரு வருடம் மாற்று வீரர் ஆசனத்தில் இருக்க அவர் விரும்பவில்லை. பிழை என்று யார் சொல்வது?

2026-27 இலிருந்து பிரீமியர் லீக்கில் புது விதி: அணிக்கான செலவு வருமானத்தின் 85 வீதத்துக்குள் இருக்க வேண்டும். வீரர் விற்பனை இலாபம் அதிலும் வருமானப் பக்கம் சேரும். ஆகவே மேலே சொன்ன இழுவை அடியோடு போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

## இரவல்: நடுவழி

ஆடவும் விடாமல், விற்கவும் மனமில்லாமல் இருக்கும் கழகம் பெடியனை ஒரு சீசனுக்கு வேறு கழகத்துக்கு இரவல் கொடுக்கும். கேன் 17 வயதிலிருந்து லெய்டன் ஓரியன்ட், மில்வோல், நோர்விச், லெஸ்டர் என்று நாலு இடம் போனார். 2013 இல் லெஸ்டரின் மாற்று வீரர் ஆசனத்தில் கேனும் வார்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்த ஆட்டமும் உண்டு. பிற்காலத்தில் இங்கிலாந்தின் இரண்டு முன்வரிசை வீரர்களும் இரண்டாம் பிரிவு அணி ஒன்றில் இடம் கிடைக்காமல் இருந்தார்கள்! அடுத்த வருடம் முடிந்து 2014-15 இல்தான் கேன் லீக்கில் 21 கோல் அடித்தார்.

இரவல் நல்லதா என்று கேட்பதைவிட, எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று கேட்பது பயன். பெக்கம் 1995 இல் பிரெஸ்டனில் ஐந்து ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்பினார். நோக்கம் தெளிவு, காலம் குறுகியது, திரும்பி வர இடம் இருந்தது. இதற்கு எதிர்ப்பக்கம், ஒரு காலத்தில் செல்சி ஒரே நேரத்தில் நாற்பது பேரளவில் இரவலில் வைத்திருந்தது. அது நாற்றுமேடையை விடக் களஞ்சியம் போல இருந்தது. விலை ஏறும்வரை வைத்திருப்பதும் ஒரு காத்திருப்புத்தான், ஆனால் அதைப் பெடியனுக்கான பொறுமை என்று எப்படிச் சொல்வது. ஃபீஃபா 2022 இலிருந்து நாடுவிட்டு நாடு போகும் இரவல்களுக்கு வரம்பு போட்டு, 2024 இல் அதை ஒரு கழகத்துக்கு ஆறாகக் குறைத்தது. ஆனால் 21 வயது வரையானவர்களும் கழகமே வளர்த்தவர்களும் அந்த வரம்புக்கு வெளியே.

## ஆட விடாமல் இருப்பதும் பொறுமைதான்

ரசிகர்களின் வாதத்தில் பொறுமை என்றால் எப்போதும் "பிழைவிட்டாலும் ஆட விடு" என்ற பொருள். மறுபக்கம் ஒன்று இருக்கிறது. பார்சிலோனாவின் பெட்ரி 2020-21 இல், 18 வயதில், கழகம், யூரோ கிண்ணம், டோக்கியோ ஒலிம்பிக் எல்லாம் சேர்த்து 70 ஆட்டங்களுக்கு மேல் ஆடினார். அடுத்த சீசன்களில் தொடைத் தசைக் காயம் மாறி மாறி வந்தது. பழையபடி தொடர்ந்து ஆட அவருக்குச் சில வருடம் எடுத்தது. எலும்பும் தசைநாரும் முற்றாத உடம்பில் மூன்று நாளுக்கொரு ஆட்டம் ஏற்றினால் அதன் கடன் பிறகு வட்டியோடு வரும். இதில் கழகமும் தேசிய அணியும் ஒருவரையொருவர் கை காட்டிக்கொள்ளும். வலி மட்டும் பெடியனுக்கு.

பெடியனின் காதில் விழும் பேச்சு என்ற விடயமும் உண்டு. ஃபெர்குசன் கிக்ஸை ஏறத்தாழ 20 வயது வரை பேட்டி கொடுக்க விடவில்லை. இன்றைக்கு அது நடக்காது. கைபேசிக்குள்ளேயே ஊர் முழுக்க இருக்கிறது. 2021 யூரோ இறுதியாட்டத்தில் 19 வயது புகாயோ சாகா பெனால்டியைத் தவறவிட்டபோது இணையத்தில் வந்த இனவெறிச் சொற்களைக் கண்டோம். அடுத்த சீசனில் ஆர்சனல் ரசிகர்களும் எதிரணி மைதானங்களில் இருந்தவர்களும் எழுந்து நின்று கைதட்டியதையும் கண்டோம். முகாமையாளருக்கும் கணக்காளருக்கும் கட்டாயங்கள் இருக்கின்றன. காத்திருப்பதில் ஒரு சதமும் இழக்காத ஒரே தரப்பு ரசிகர்கள். அவர்கள்தான் முதலில் பொறுமை இழக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் விசித்திரமாகவே படுகிறது.

காத்திருக்கச் சொல்லிக் கையை விரிப்பதும் நடக்கிறது. யுனைட்டட்டின் போல் பொக்பா 2012 இல் 19 வயதில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் யுவென்டஸுக்குப் போனார். யுனைட்டட்டுக்குக் கிடைத்தது சிறிய நட்டஈடு மட்டும். 2016 இல் அதே கழகம் அவரை 89 மில்லியன் பவுணுக்குத் திரும்ப வாங்கியது, அன்றைக்கு அது உலக சாதனை. "உன் நேரம் வரும்" என்று சொன்னவர்கள் எப்போது, எத்தனை ஆட்டம் என்று எழுதிக்கொடுத்திருந்தால் அந்தக் காசில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கலாம்.

## யாழ்ப்பாணத்துப் பெடியனுக்கு இதில் என்ன

எங்களுடைய அக்கடமிகள் பாடசாலைகள்தான். இளவாலை புனித ஹென்றியரசர் கல்லூரி, யாழ். புனித பத்திரிசியார் கல்லூரி, பெண்களில் தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரி என்று உதைபந்தாட்டத்தில் பெயரெடுத்தவை இருக்கின்றன. ஊருக்கு ஊர் விளையாட்டுக் கழகங்களும் உண்டு. துரையப்பா அரங்கில் இறுதியாட்டம் என்றால் சனம் மதிலிலும் ஏறி நிற்கும். ஆனால் மேலே சொன்ன பொறிகள் எல்லாம் இங்கேயும் இருக்கின்றன, சில கூடுதல் கூர்மையோடு.

வயதுப்பிரிவு எங்கே வெட்டப்பட்டாலும், வலயப் போட்டியில் வெல்லவேண்டிய ஆசிரியர் உயர்ந்தவனையே எடுப்பார். அவருக்கும் முகாமையாளருக்குள்ள அதே நெருக்கடி: கிண்ணம் இந்த வருடம் வேண்டும், அதிபர் கேட்பார், பழைய மாணவர் சங்கம் கேட்கும். 14 வயதில் சின்னவனாக இருப்பவனுக்கு வேறு அணி கிடையாது, இரவல் கிடையாது. அப்புறம் சாதாரண தரப் பரீட்சை. 16 வயதில், உடம்பு கடைசியாகப் பிடித்துக்கொள்ளும் நேரத்தில், ரியூசனுக்குப் போ என்று பந்து பறிக்கப்படுகிறது. ஐரோப்பியக் கழகம் பத்து வருடம் கட்டும் காத்திருப்புச் செலவை இங்கே வீடு கட்டுகிறது, பாதியிலேயே முடியாமலும் போகிறது. பிழை சொல்லவும் முடியாது. உதைபந்தாட்டத்தால் சோறு போடும் வழி இந்த நாட்டில் மிக ஒடுக்கம். 2023 இல் ஃபீஃபா இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்திய ஏழு மாதம் தேசிய அணிகளின் கதவுகூட மூடியிருந்தது.

ஒரு சின்ன வேலை மட்டும் காசில்லாமல் செய்யலாம்: 14 வயது அணிக்கு எடுக்காதவனைப் பயிற்சியிலிருந்து கலைக்காமல் வைத்திருப்பது. இரண்டாவது அணி ஒன்று, பக்கத்துப் பாடசாலையின் இரண்டாவது அணியோடு சனிக்கிழமை ஆட்டம். பந்து ஒன்று, மைதானம் ஒன்று, ஊதுவதற்கு ஒருவர். கேனுக்கு நாலு இரவல் கொடுத்தது இதைத்தான்.

வெளிநாட்டுக் கனவு பற்றியும் சொல்ல வேண்டும். வேல்ஸில் பிறந்த ஈழத்தமிழ்ப் பின்னணியுடைய விமல் யோகநாதன் இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி முதல் அணிக்கு ஆடியதிலிருந்து "எங்கட பிள்ளையையும் அங்க அனுப்பலாமோ" என்ற பேச்சு கூடியிருக்கிறது. அவர் அங்கேயே பிறந்து அங்கேயே பதிவானவர். இங்கிருந்து போவது வேறு விடயம். ஃபீஃபாவின் விதிகளின் 19 ஆம் பிரிவு, 18 வயதுக்குட்பட்டவரை நாடுவிட்டு நாடு மாற்றுவதைப் பொதுவாகத் தடைசெய்கிறது. பெற்றோர் உதைபந்தாட்டம் சாராத காரணத்துக்காகக் குடிபெயர்வது போன்ற சில விலக்குகள்தான் உண்டு. இந்த விதியை மீறியதற்காக பார்சிலோனாவே 2015 இல் இரண்டு மாற்றுக் காலங்களுக்குப் புது ஆட்களைப் பதிய முடியாமல் தடைப்பட்டது. ஆகவே 14 வயது மகனை ஐரோப்பிய அக்கடமியில் சேர்த்துவிடுகிறேன் என்று முற்பணம் கேட்டு யாராவது வந்தால், எந்த விலக்கின் கீழ் என்று முதலில் கேளுங்கள்.

18 தாண்டி ஒருவன் போய், பிற்பாடு பெரிய தொகைக்கு நாடு மாறினால், வளர்த்தவர்களுக்கும் பங்கு உண்டு. ஒருமைப்பாட்டுப் பங்கு என்ற ஏற்பாட்டின் கீழ், ஒப்பந்தம் முடியுமுன் நாடுவிட்டு நாடு மாறும்போது கொடுக்கும் தொகையில் 5 வீதம், அவன் 12 இலிருந்து 23 வயது வரை பதிவாகியிருந்த கழகங்களுக்குப் பிரிக்கப்படும்:

1. 12 இலிருந்து 15 வயது வரை, ஒவ்வொரு வருடத்துக்கும் மொத்தத் தொகையின் 0.25 வீதம்.
2. 16 இலிருந்து 23 வரை, ஒவ்வொரு வருடத்துக்கும் 0.5 வீதம்.

10 மில்லியன் பவுண் மாற்றம் ஒன்று என்றால், அவனை 12 இலிருந்து 15 வரை நாலு வருடம் வைத்திருந்த ஊர்க் கழகத்துக்கு ஒரு இலட்சம் பவுண். முளையிலேயே காத்திருந்தவருக்கு இவ்விளையாட்டில் கூலி கொடுக்கும் அரிதான விதி இது. அதற்கு அந்தப் பெடியன் அந்த வருடங்களில் சம்மேளனத்தோடு இணைந்த கழகம் ஒன்றில் பெயர், பிறந்த திகதி, தொடங்கிய நாள், விலகிய நாள் சகிதம் பதிவாகியிருக்க வேண்டும். கிண்ணத்தோடு எடுத்த குழுப்படம் சனசமூக நிலையச் சுவரில் தொங்கலாம். அதைப் பதிவாக ஃபீஃபா எடுத்துக்கொள்ளாது.